வானொலி நிலைய வாசலில்

அன்புத் தங்கை புவாவானுக்கு,

தலைநகர் வியந்தியான் எங்கள் கையில் வந்துவிட்டது. சந்தை திறந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு அரிசி வாங்கிக்கொள்.

வானொலி நிலையத்தை உன் கணவன் கம்பேன்தான் காலையிலிருந்து விடாமல் காத்து நின்றான். வாசலில் என் வீரர்கள் ஒன்பது பேர் குடல் சரிந்து கிடந்தார்கள். நான் சுவருக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

"மச்சான், பிரதமர் சரணடைஞ்சாச்சு. வெளிய வாடா!"

"உன் தங்கச்சி மேல சத்தியமா?"

"சத்தியமா."

கைகளைத் தூக்கியபடி வந்தான். என் ஆட்கள் சுட்டார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

பிரதமர் அப்போது சரணடையவில்லை. ஆட்சி கவிழ்ந்ததாக நாங்கள் வானொலியில் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் அவருடைய படை ஆயுதங்களைப் போட்டது.

மாலையில் உடலை விகாரைக்குக் கொண்டுவருவார்கள். முகத்துத் துணியை விலக்காதே, தங்கச்சி.

உன் அண்ணன்