சிசிலி காட்டிய வீடு

சேசு மரி சூசை துணை

உடும்பஞ்சோலை
6-10-1976

அன்புள்ள சிசிலி அப்பாவுக்குச் செபமாலை எழுதுவது. நான் சுகம். பம்பாயில் உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. ஏலக்காய் எடுப்பு மும்முரம். அட்டைக்கடிதான் தாங்க முடியவில்லை.

போன வாரம் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் எஸ்டேட்டில் வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தொண்டுச் சங்கத்தார், சித்தூர் கான்வென்டு மாணவிகளை முகாமுக்கு அழைத்து வந்தார்கள். ஏற்றத்தாழ்வைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கூடத் தங்கி வேலை செய்து பார்க்கட்டும் என்பது அவர்கள் டீச்சரின் எண்ணம். எந்த எஸ்டேட் என்று பிள்ளைகளுக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம். அந்தக் கான்வென்டில் தங்கிப் படிக்கிற நம் சிசிலியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வந்தவர்கள் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள். தன் வீடு இப்படி என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை முகத்துக்கு இழுத்துவிட்டு, யாரோ போலக் குழாயடிப் பக்கம் நடந்தேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இவங்கதான் எங்கம்மா. இந்த லயத்து வரிசையில அந்தக் கடைசி வீடு எங்க வீடு, எல்லாரும் வாங்க" என்றாள். பிடியை விடவில்லை.

ஒரே அறையில் எத்தனை பேர் அடங்குவார்கள்? பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பாலில்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். சித்தூர்ப் பக்கம் நல்லேப்பிள்ளியில் வயல் உள்ள வீட்டுப் பெண், கமலாத்தாள் என்று பெயர், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏனுங்கம்மா, மழை ஒழுகினா எங்க படுப்பீங்க?" என்று கேட்டாள். சிசிலி மூலையைக் காட்டினாள். அந்தப் பெண் எழுந்து போய் அந்த மூலைத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எங்க வயல்ல வேலை செய்யறவங்க ஊட்டுக்குள்ள நான் ஒரு நாளும் போனதில்லீங்க" என்றாள். டீச்சர் அன்றைக்கு வேறு பாடம் நடத்தவில்லை.

மறுநாள் எல்லாரும் ஏலக்காட்டுக்கு வந்து காய் பறித்தார்கள். அட்டையைக் கண்டு அலறினார்கள், சிரித்தார்கள், மத்தியானம் என் கஞ்சியையும் குடித்தார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

கிளம்பும்போது சங்கத்து அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, சிசிலியை ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்க்கலாம், லயத்துப் பிள்ளைகளுக்கு அவளே பாடம் சொல்லித் தரட்டும் என்றார்.

சிசிலிக்கும் தன் மகனுக்கும் தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் அக்கா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் மகன் நல்ல பையன்தான். சிசிலியிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. மதினிக்கு நான் எழுதினால் மனத்தாங்கல் வரும். அவள் முதலில் படித்து முடிக்கட்டும் என்று நீங்களே பக்குவமாக எழுதுங்கள். அந்தோணியார் உங்களுக்கு நல்ல சுகத்தையும் நல்ல மனதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் செபமாலை