பந்துக்குப் பின்னால் மட்டை நின்ற நேரம்

நிலவு, தென் துருவ நிலையம். பதிவு 211. காலை 09:10

இதைக் கண்டெடுப்பவருக்கு: இன்று ஓய்வு நேரச் சோதனை. கோல்ஃப் பந்தை அடிக்கும் முன் மட்டையை எப்படி வைத்து நிற்பது என்பது பற்றி. எழுதவிருப்பவை:

1. மட்டைத் தலையை மண்ணில் ஊன்றுவதா, மண்ணுக்குச் சற்று மேலே பிடிப்பதா.
2. கைகள் பந்துக்கு நேராகவா, கொஞ்சம் முன்னாலா.
3. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; ஐயம் தீராமல் அடிக்கக் கூடாது.

மூன்றாவது என் நாற்பது ஆண்டு ஆய்வகப் பழக்கம். மட்டை, சலோமி என் பிறந்தநாளுக்கு மண் தோண்டும் கம்பியில் செய்து தந்தது. இங்கே நாங்கள் இருவர்தான். அவள் இப்போது மேட்டுக்கு அப்பால், பள்ளத்தில் பனிக்கட்டி எடுக்கிறாள். ரேடியோவில் கேட்டாள்:

"இன்னும் நின்னுட்டேதான் இருக்கியளா சார்? பந்துக்கே கால் வலிக்கும்."

முடிவு: ஊன்றினால் தூசி சரிந்து பந்து அசைகிறது. தூக்கிப் பிடிப்பதே மேல் என்று தோன்றுகிறது. உறுதியில்லை.

பதிவு 212. 11:32

நில அதிர்வு. மேட்டின் உச்சியில் இருந்த ரேடியோக் கம்பம் சாய்ந்துகொண்டிருந்தபோது வந்த கடைசிச் செய்தி:

"வண்டி மண்ணுக்குள்ள போயிட்டு சார். எனக்கு ஒண்ணுமில்ல. மூணரை வரைக்கும் காத்து இருக்கு."

பிறகு தொடர்பு இல்லை.

பதிவு 213. 12:25

ஆளில்லா மீட்பு வண்டியை மேட்டடிக்கு ஓட்டி நிறுத்திவிட்டேன்; உச்சிக்கு அது ஏறாது. அங்கிருந்து மேட்டைச் சுற்றி அவளிடம் செல்ல இருபத்தைந்து நிமிடம். ஆனால் உச்சியில் ரேடியோ இல்லாமல் அந்தப் பக்கம் ஓட்ட முடியாது. ஏற என் முழங்கால்கள் உதவா. சிறு ரேடியோ ஒன்றை விண்வெளி உடையில் கையால் எறிந்தால் பாதி தூரமும் போகாது.

கம்பத்தின் வேலையைச் செய்யும் பந்தளவு ரேடியோக் குண்டுகள் இரண்டு இருக்கின்றன, சலோமி செய்தவை. மட்டையால் அடித்து உச்சியில் விழவைக்க வேண்டும். 15:05க்குள்.

அதே எடையுள்ள பயிற்சிப் பந்துகளால் தொடங்குகிறேன்.

பதிவு 214. 13:40

பந்து 1: உச்சியில் விழுந்தது. நான் குறித்த பாறைக்கு நாற்பது அடி இடப்பக்கம். ஏற்கவில்லை.
பந்து 4: கைகளை முன்னால் வைத்தேன். தாழப் போனது.
பந்து 9: மட்டையைத் தூக்கிப் பிடித்தேன். பாறைக்குப் பன்னிரண்டு அடி. பரவாயில்லை, ஆனால் ஒருமுறை நடந்தது சான்றாகாது.

இன்னும் சில பந்துகள் அடித்துப் பார்க்க வேண்டும்.

பதிவு 215. 15:14

14:50க்கு முதல் குண்டை வைத்து நின்றேன். அடித்தது 15:11. உடையின் கடிகாரம் அப்படித்தான் சொல்கிறது. நடுவே என்ன செய்தேன்? மட்டைத் தலை சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. திருத்தினேன். மறுபடி தோன்றியது.

குண்டு பாறைக்கு ஓர் அடியில் விழுந்தது. தொடர்பு கிடைத்தது. வண்டியை ஓட்டுகிறேன். 15:36க்குச் சேரும்.

"சார், வந்துட்டியளா. நெனச்சேன். எங்க விழுந்துச்சு குண்டு?"

சொன்னேன். ஓர் அடி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"மேட்டு மேல எங்க விழுந்தாலும் வேல செய்யுமே சார். நான்தான அத செஞ்சேன்."

அவள் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு காற்றை மிச்சம் பிடிக்கிறாள் போலும், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.

15:29

"சார். வண்டி வெளக்கு தெரியுது."

தூரம் எவ்வளவு என்று கேட்டாள். அருகில்தான் என்றேன். பொய்.

15:37

வண்டி நிற்கிறது. கேமராவில் அவள் தெரிகிறாள். விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டேன். பதினொரு முறை.

இரண்டாவது குண்டு என் விண்வெளி உடையின் பையிலேயே இருக்கிறது. முதலாவது தவறினாலும் அது இருந்தது. அப்போது அதை நினைக்கவில்லை.

பதிவு 211க்குத் திருத்தம்: ஐயம் தீராமல் அடிக்கக் கூடாது என்ற மூன்றாவது கருத்து தவறு.