பாஸ் தராத அக்காவுக்கு

கோபம் தீராமலே நான் நேசிக்கிற என் அக்கா,

நீ போன பிறகு உன் இடத்தில் என்னையே லைன் லீடராகப் போட்டுவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் அதே கம்பெனி, காருக்கு ஒயர் கட்டும் அதே வேலை. லைனில் நாற்பது பெண்களுக்கு அதே ஒரே ஒரு டாய்லெட் பாஸ். அது கையில் இல்லாமல் எவளும் எழுந்து போகக் கூடாது என்ற சட்டமும் மாறவில்லை.

அந்தப் பாஸை எப்படிக் காத்தாய் நீ! கூடப்பிறந்த நான் வந்து நின்றாலும், "இன்னாடி, இப்பத்தான வந்து குந்தின? அடக்கிக்கினு வேலையப் பாரு" என்பாய். நீயும் போகமாட்டாய். மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவாய். இடுப்பு வலித்தால் மருந்துக்கடையில் நீயாக வாங்கிப் போடும் மாத்திரை. "கஸ்தூரி மாதிரி இருக்கணும்" என்று சூப்பர்வைசர் உன்னைக் காட்டிச் சொல்லிவிட்டால் போதும், உனக்குத் தலைகால் புரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கியபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய். கிட்னிக்குள் லட்சக்கணக்கில் பொடிப்பொடி வடிகட்டிகளாம். ரத்த அணுவும் புரதமும் ரத்தத்திலேயே நின்றுவிட, தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் கழிவும் குழாயில் இறங்குமாம். தண்ணீரில் பெரும்பங்கையும் உடம்புக்கு வேண்டிய மற்றதையும் ரத்தம் திரும்ப வாங்கிக்கொள்ளும். மிஞ்சியதுதான் சிறுநீர். அதை நீ வருஷக்கணக்கில் அடக்கி வைத்தாய். அடக்கியதில் வந்த தொற்று மேலே ஏறி, அந்த மாத்திரைகளும் சேர்ந்து, இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. "வந்தா போகணும்மா, இதக்கூடவா யாரும் சொல்லல?" என்று என்னைக் கேட்டார்.

யாருக்காக அக்கா? உனக்கு மாலை போட வந்த சூப்பர்வைசர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு லைனுக்கு யாரு?" என்று கேட்டார்.

நேற்று ஒரு புதுப்பெண் கால்களை ஒடுக்கிக்கொண்டு என் முன் நின்றாள். டார்கெட் முடியவில்லை. உன் வார்த்தையே என் வாயில் வந்தது, அக்கா. பயந்துபோனேன். சட்டென்று கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். அடுத்தவளும் எழுந்தாள். "பாஸ் வேணாம், நீயும் போ" என்றேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாம்மா இது? உங்கக்கா இருந்தா இப்டி நடக்குமா?"

"எங்கக்காதான் இல்லியே சார்" என்றேன்.

வேலை போனால் போகட்டும். உன்னைப்போல் நல்ல பெயர் மட்டும் வாங்கமாட்டேன். இது சத்தியம்.

சுடிதார் நனையும்வரை உன்னெதிரில் நின்ற
உன் தங்கை மீனா