மடையை வெட்டிய மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை கடையைத் திறக்கும்போதே கழுத்தெல்லாம் வேர்வை. மழை விட்டும் மூடாப்பு விலகவில்லை. சிதம்பரத்தில் ஓர் இலை அசையவில்லை. பூச்சிமருந்துக் கடைக்காரனுக்கு இது வியாபார நாள். எனக்கோ ஆணியில் தொங்கும் உன் வெள்ளை மூடிதான் கண்ணில் பட்டது. பழைய பெயின்ட் டப்பாவின் மூடி. போன தையில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகு, தங்கச்சியிடம் கேட்டு வாங்கிவந்து மாட்டியது.

அதை வைத்துக்கொண்டு நீ சேற்றில் மண்டியிட்டு நெல் தூரைத் தட்டுவதைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருப்பேன்! நாங்கள் வரப்பில் நின்று இலையைப் பார்ப்போம். நீ தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி எத்தனை விழுகிறது என்று மூடியில் எண்ணுவாய். "புழுக்கம், நெழலு, தேங்குன தண்ணி. மூணும் இருந்தா அதுக்குக் கல்யாண வூடு மச்சான்" என்பாய்.

சுனாமிக்குப் பின் மூன்றாவது கார்த்திகையிலும் இதே வானம்தான். நம் வயல்களுக்கு நடுவே ஒரே வரப்பு. இரண்டிலும் புகையான் ஏறிவிட்டது. நான் என் கடையிலிருந்தே உசத்தியான மருந்தாக எடுத்துப்போய் அடித்தேன். நீ மடையை வெட்டிவிட்டாய்.

கடைமடைக்காரன் எவனாவது தண்ணீரை வடியவிடுவானா? எட்டு நாள் வாய்க்காலில் காவல் கிடந்து வாங்கிய முறைத் தண்ணீர் அது. தங்கச்சி அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணா, அவருக்குப் புத்தி பெரண்டுபோச்சு. இந்த வருசம் சோத்துக்கு என்னா பண்றது? வந்து கேளு."

வந்து கேட்டேன். ஊரார் முன்னால் உன்னைப் பைத்தியக்காரன் என்றேன். நீ மூங்கில் கழியால் பயிரை எட்டடிக்கு ஒரு சந்தாகப் பிரித்துக்கொண்டே, "வெயிலும் காத்தும் தூருல படட்டும். நீ அடிச்சதுல சிலந்தியும் செத்துப்போச்சு பாரு. இனிமே புகையான யாரு புடிச்சித் திங்கறது?" என்றாய்.

சில நாளிலேயே என் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. உன் பயிர் கொஞ்சம் வாடி, அடுத்த தண்ணீரில் நிமிர்ந்துகொண்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் காய்ந்த வைக்கோல், அந்தப் பக்கம் பச்சை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அவரு மருந்து நல்ல மருந்துதான். வானம்தான் சரியில்ல." என் கடையின் பெயரைக் காப்பாற்றிவிட்டுப் போனாய்.

தப்பு என்னுடையது என்று உன்னிடம் ஒருநாளும் நான் வாய்திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வீம்பு பிடித்த கழுதை நான்.

இன்று கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் மருந்து கேட்டு வந்தார். "தூரத் தட்டிப் பாத்தீங்களா?" என்று உன் மூடியைக் கொடுத்து, சிலந்தி நிறைய இருந்தால் தண்ணீரை வடியவிட்டாலே போதும் என்று சொல்லி, மருந்து கொடுக்காமல் அனுப்பினேன். சாயங்காலம் சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"சிலந்தி ஜாஸ்தியா இருக்குது. மருந்து வேணாம், தண்ணிய மட்டும் வடிய வுட்டுட்டேன். யாருண்ணே இத உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"என் மச்சான்!" என்றேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். ஊரார் முன்னால் திட்டியதை ஊரார் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்?

மூடியில் அவர் வயல் சேறு ஒட்டியிருந்தது. கழுவாமலே ஆணியில் மாட்டினேன்.