முதல் ஈரல் யாருக்கு

1996 பிப்ரவரி 12, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்கு வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரி. என் கிட்னியை அவருக்கு வைத்து ஒரு வருஷம் ஆயிற்று. அது சமர்த்தாக வேலை செய்கிறதாம். ஆனால் ரத்தத்தில் கொழுப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு. "கிட்னி மாத்துனவங்களுக்கு இது வரும்ங்க. சாப்பாடும் காரணம், ஸ்டீராய்டு மாத்திரையும் காரணம். விட்டா நெஞ்சை அடைச்சுப்போடும்" என்றார் டாக்டர்.

கிட்னியைக் காப்பாற்றி நெஞ்சைப் பறிகொடுக்கவா? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 13

முட்டை, தேங்காய், நெய், எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. "ஏனுங்க அம்மணி, இது ஊடா ஜெயிலா?" என்கிறார் இவர். லேத் பட்டறைக்குப் போகிற வழியிலேயே நாலு பேக்கரி. பப்ஸ் வாடை அடித்தால் தொலைந்தீர்கள் என்றேன்.

பிப்ரவரி 25

சத்தியமங்கலத்திலிருந்து அத்தை, இவருடைய அம்மா, வந்திருந்தார். மகன் பிழைத்தால் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்தவர். கிடாய் தயாராம். பிழைத்தவன்தான் முதல் ஈரலைத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் நேர்த்தி தீராது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"ஒரு துண்டுதான கண்ணு?"

நான் விடவில்லை. "கொழுப்பு எரநூத்தம்பதுக்குக் கீழ எறங்கட்டுங்க அத்தை. அப்பறம் வெட்டிக்கலாம்."

அத்தை முகம் சுண்டிப்போயிற்று. சாமிக்குப் பயப்படுவதா, டாக்டருக்குப் பயப்படுவதா?

மார்ச் 3

நெஞ்சைக் கரிக்கிறது என்றார் இவர். மோர் குடித்ததும் சரியாயிற்று. ராத்திரி இரண்டு முறை எழுந்து, மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன்.

மார்ச் 18, திங்கள்

இருநூற்று நாற்பத்தொன்று! ரிப்போர்ட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த வரியில் விரலை வைத்தார். கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் — ஒன்று புள்ளி இரண்டாக இருந்தது இரண்டு புள்ளி மூன்று.

"உடம்பு கிட்னியை எதிர்க்குதுங்க. ஏதாவது மாத்திரையை விட்டீங்களா?"

இவர் தரையைப் பார்த்தார். அத்தை வந்துபோன நாளிலிருந்து உடம்பு கிட்னியை எதிர்க்காமலிருக்கத் தந்த ஸ்டீராய்டைப் போடவில்லையாம்.

"அதுதான கொழுப்பை ஏத்துதுன்னீங்க. நேர்த்தி முடியற வரைக்கும்னு விட்டுபோட்டேனுங்க. எங்கம்மா மனசு நோகுதுன்னு…"

அட பாவி மனுஷா! எரநூத்தம்பது என்று கெடு வைத்த என் வாயை என்ன செய்ய? உடனே அட்மிஷன்.

மார்ச் 19

ஊசி ஏறுகிறது. மூத்திரம் குறைந்துவிட்டது. இந்தக் கிட்னியும் போய்விட்டால்? கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லையே சாமி.

மார்ச் 20

எழுத ஓடவில்லை.

மார்ச் 25

கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு. தப்பித்தோம் என்று சொல்லவே பயம். அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கொழுப்பு மறுபடி முந்நூறு. இப்போது ஸ்டீராய்டும் உண்டு, கொழுப்புக்கென்று தனி மாத்திரையும் உண்டு.

அத்தை கிடாய் வெட்டச் சொல்லிவிட்டார். ஈரல் இவர் இலைக்கு வந்தால் தடுக்க வேண்டுமே என்று ஒட்டியே உட்கார்ந்துகொண்டேன். பந்தியில் இவருக்கு ரசச் சோறு. ஈரல் துண்டோடு வந்த அத்தை நேராக என் இலையில் வைத்தார்.

"அவனுக்குள்ள இருக்கறது உன்ற கிட்னிதான கண்ணு. நீ தின்னு. நேர்த்தி தீந்துபோகும்."

அழுதுகொண்டே தின்றேன்.

வீடு திரும்பியதும் இவர் மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கினார். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.