‘நான்’ என்று நீ எழுதிய துளை

இன்று காலை சால்டரிங் கம்பியைச் சூடாக்கி நம் ஒயர்ப் பலகையான பேட்ச்பேயின் முதுகுப் பக்கத்தில் வைத்தேன். வைத்ததும் பழைய பேஸ்ட் உருகிப் புகைந்தது. நான் இன்னும் புது ஈயத்தைத் தொடவே இல்லை. அது நீ வைத்த ஈயம், நீ தடவிய பேஸ்ட். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் குந்தியிருந்து “ஊதாதலே, ஈயம் ஆடிரும்” என்று நீ சொல்வாய் என நிஜமாகவே கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பாளையங்கோட்டையில் நம் மாடியறை அப்படியேதான் இருக்கிறது. நாம் அதை ஸ்டுடியோ என்போம். என் வீட்டில் அதை மாடி என்பதற்கு மேல் யாரும் மதித்ததில்லை. ஆடிக் காற்றுக்கு ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நீ மடித்துச் சொருகி வைத்திருந்த சைக்கிள் டியூப் துண்டு காய்ந்து விழுந்துவிட்டது. புதிதாக ஒன்று வெட்டிச் சொருகினேன். நீ போன கார்த்திகைக்குப் பிறகு இந்த அறையில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

இன்றைக்கு என்ன திடீரென்று சால்டரிங் கம்பி என்று கேட்பாய். வள்ளியூர் ஜவுளிக்கடை அண்ணாச்சி நேற்று போன் செய்தார்.

“தம்பி, ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்சாச்சு. நம்ம ஆட்டோ இன்னும் தீவாளி விளம்பரத்தையே போட்டுக்கிட்டுத் திரியுது. சனம் சிரிக்கு.”

“வேற ஏதாவது போடச் சொல்லலாமே அண்ணாச்சி.”

“வேற எங்க இருக்கு? நீங்கதான தரணும். அவரு குரல் மாதிரியே ஒரு ஆளப் பாருங்களேன்.”

“அப்படி ஆளு கிடையாது அண்ணாச்சி.”

“அப்ப நீங்களே பேசுங்க. அவரு கூடயே கெடந்தவருதான நீங்க.”

பேசி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆடி மாதத்தில், வேர்க்க விறுவிறுக்க, வள்ளியூர்ச் சந்தைப் பக்கம் தீபாவளிக்குப் பட்டுப்புடவை வாங்க வாருங்கள் என்று நீ இன்னமும் கூவிக்கொண்டிருக்கிறாய். உன் குரல் பதிந்த கோப்பு என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆனால் அதை நானாகத் திறந்து கேட்டால்தான் உண்டு. தெருவில் போகிற குரல் அப்படியில்லை. அது யாரையும் கேட்காமல் வந்துகொண்டிருக்கிறது. நான் புதிதாகப் பேசி அனுப்பினால் அன்றைக்கே ஆட்டோக்காரர் உன்னை நிறுத்திவிடுவார். எனக்கு அதைச் செய்ய மனமே இல்லை. அண்ணாச்சி கடை நகைப்புக்கு ஆளாவதையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

நம் பேட்ச்பேயை வாங்குவதற்கு முன் நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, கீபோர்டு, எக்கோ பெட்டி, கம்ப்யூட்டருக்குள் சத்தத்தை அனுப்பும் பெட்டி என்று எல்லாம் ஒரே அலமாரியில். அலமாரி சுவரோடு ஒட்டி. ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றில் மாட்ட வேண்டுமென்றால் ஒருவர் பின்னால் நுழைய வேண்டும். என் தொந்தி அதற்கு ஒத்துவராது. நீதான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு புகுவாய்.

“எதுலே? கருப்பு ஒயரா?” என்று உள்ளேயிருந்து கத்துவாய்.

“எல்லாமே கருப்புதாம்லே.”

ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு வெளியே வர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். நான் உன் காலைப் பிடித்து இழுக்கப் போக, “பைய, பைய” என்று அலறினாய். “இனிமே நான் இதுக்குள்ள வர மாட்டேன். ஒயருக்கு வேணும்னா அது முன்னால வரட்டும்.” நம் பேட்ச்பே கதை அங்கேதான் தொடங்கியது. எல்லாக் கருவிகளின் ஒயர்களும் பின்பக்கமாக வந்து ஒரே இடத்தில் நிலைத்துவிடும். முன்பக்கம் இரண்டு வரிசையாகத் துளைகள். ஒரு குட்டி ஒயரை எடுத்து மேலே ஒன்றிலும் கீழே ஒன்றிலும் சொருகினால் எந்தக் கருவியின் சத்தத்தையும் எதற்கும் அனுப்பலாம். அந்தக் கால டெலிபோன் ஆபீஸ் பலகை மாதிரிதான்.

எதை வாங்குவது என்பதில் நமக்குள் பெரிய சண்டை. நான் ஆசைப்பட்டது சின்னத் துளைகள் நெருக்கமாக இருந்த பலகை. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு, துளைகளும் அதிகம். நீ போனை என் கையிலிருந்து பிடுங்கினாய். “ஓட்டை எத்தனன்னு பாக்காதலே, அதுக்கு ஒயரு எங்க கிடைக்கும்னு பாரு. இந்தச் சின்ன பின்னு ஜங்ஷன்ல எந்தக் கடையில இருக்கு? ஒரு ஒயரு அந்தா போச்சுன்னா மெட்ராசுக்கு ஆள் விடுவியா?” நம்மிடம் ஏற்கெனவே கிடந்தவை கித்தாருக்குப் போடும் தடித்த பின்கள். அதே பின் பொருந்துகிற பலகையைத்தான் கடைசியில் வாங்கினோம். நீ சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், உனக்குக் கேட்குமா தெரியவில்லை.

அந்தப் பலகையில் நமக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. ஒரு குட்டி ஒயரும் சொருகாமல் விட்டாலும் மேல் துளையின் சத்தம் தனக்கு நேர் கீழே இருக்கும் துளைக்குத் தானாகவே போய்விடும். உள்ளே ஒரு சின்னத் தகடு இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ பெயர் போட்டிருந்தார்கள். நீ அதற்கு “வாடிக்கை” என்று பெயர் வைத்தாய். “சொருகினா மாத்தம். சொருகலன்னா வாடிக்கை. தீந்துது சோலி.”

ஒயர்களைப் பின்னால் பற்றவைக்க உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. முதுகுப் பக்கம் உட்கார்ந்து இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் செய்துகொண்டு போனாய். முடித்துவிட்டு முன்னால் வந்து பார்த்தபோதுதான் இடம் வலமாகியிருந்தது தெரிந்தது. மைக் இருக்க வேண்டிய மூலையில் எக்கோ பெட்டி. நான் தரையில் விழுந்து சிரித்தேன். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் பற்றவைப்பாய் என்று பார்த்தால், நீ அசையவே இல்லை. “ஒயரு அங்கனயே இருக்கட்டும். சீட்டை மாத்தி ஒட்டிக்கிடலாம்.” நம் பலகை இன்றுவரை வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. வந்து பார்த்த கெட்டிக்காரர்கள் யாராலும் அதைத் தடுமாறாமல் கையாள முடிந்ததில்லை.

சீட்டு என்றால் மெடிக்கல் கடையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரி. அதைத் துண்டு துண்டாக வெட்டி, பேனாவால் எழுதி ஒட்டினாய். கீபோர்டு, எக்கோ என்று வரிசையாக எழுதி வந்த நீ மைக்குகளிடம் வந்ததும் சற்று யோசித்தாய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் அறைக்குள் நீ நின்று பேசும் மைக் ஒன்று. மேசைப் பக்கத்திலிருந்து நான் உன் ஹெட்போனுக்குள் பேசும் மைக் ஒன்று. முதலாவதில் ‘நான்’ என்று எழுதினாய். இரண்டாவதில் ‘நீ’.

“பேரப் போட்டா என்னலே?” என்றேன்.

“நம்ம ரெண்டு பேருக்குள்ள பேரு எதுக்கு?”

பலகையைக் கையாள்வது முழுக்க நான், சீட்டுகளை வாசிப்பவனும் நான். ஆனால் பலகையில் ‘நான்’ என்றால் நீ. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டுப் பதிய வந்த அந்த மியூசிக் டீச்சர் பட்ட அவஸ்தையை நினைத்துப் பார்.

“நான்-னு போட்டிருக்கே, அது நீங்களா சார்?”

“நான் இல்ல டீச்சர். ‘நான்’ங்கிறது அவன்.”

“அப்ப நீங்க?”

“நான் ‘நீ’.”

குரல் அறைக்குள் நீ சிரித்த சிரிப்பில் திரையில் இருந்த கோடு சிவப்பைத் தொட்டது. அந்தச் சிரிப்பை நாம் அழித்துவிட்டோம், அது வேலைக்கு ஆகாத சத்தம் என்று.

பதிவு முடிந்தால் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அன்று பேசிய விளம்பரத்தை எதிர்க்கரையைப் பார்த்து முழுக் குரலில் கூவுவாய். ஒருமுறை அங்கே துண்டு பிழிந்துகொண்டிருந்தவர், “எந்தக் கடை வே? திரும்பச் சொல்லும்” என்றார். நீ மூன்று முறை திரும்பச் சொன்னாய். உனக்கு மைக்கே தேவையில்லை, இந்தக் கருவிகளெல்லாம் என்னுடைய சந்தோஷத்துக்காகத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கார்த்திகையில் ஒரு காலை, கங்கைகொண்டான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே உனக்கு மார்வலி வந்தது. உன் தம்பி போன் செய்தபோது நான் ஆபீசில் இருந்தேன். உன் வீட்டு வாசலில் ஒருவர் என்னைப் பார்த்து “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். நான் தள்ளி நின்றேன். பிறகு எல்லாம் வாடிக்கைப்படி நடந்தது. பஸ், ஆபீஸ், சாப்பாடு, தூக்கம். யாரும் எதையும் சொருகாமலே நாள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாடிக்கு நான் ஏறவில்லை.

இன்று ஏறினேன். குரல் அறைக்குள் நின்று பேசிப் பார்க்கலாம் என்று எண்ணம். ‘நான்’ துளையின் வழியாக வந்த சத்தம் கரகரவென்று விட்டுவிட்டு வந்தது. உன் ஈயம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் பின்பக்கத்தைத் திறந்து கம்பியை வைத்தேன். உருக்கித் திரும்ப ஒட்டியும் கரகரப்பு போகவில்லை. ஒரு குட்டி ஒயரை எடுத்து மேல் துளையிலும் கீழ்த் துளையிலும் சொருகினேன். சத்தம் சுத்தமாக வந்தது. உன் ஈயத்தில் ஒரு பிழையும் இல்லையடா. உள்ளே இருக்கிற அந்தத் தகடுதான், இத்தனை மாதம் ஒருவரும் தொடாததால் களிம்பேறிக் கிடந்திருக்கிறது. பின்னைச் சொருகுவதும் எடுப்பதுமாகச் சிறிது நேரம் செய்துகொண்டிருந்தேன். கரகரப்பு போய்விட்டது.

பிறகு குரல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஹெட்போனை மாட்டினேன். அண்ணாச்சி அனுப்பிய வாசகம் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியை நீ எப்போதும் இங்கேயிருந்துதான் பார்த்திருப்பாய், அதில் நான் உட்கார்ந்திருப்பேன். இன்று அங்கே ‘ஆரம்பி’ என்று கை காட்ட யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அறை சத்தம் வெளியே போகாத அறை என்பது நல்லதாகப் போயிற்று.

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ‘நீ’ என்று எழுதிய மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பார்த்தபடி ஆடித் தள்ளுபடியை வாசித்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. அனுப்பினேன். சற்று நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வெளம்பரம் மாதிரி இல்ல.”

“பின்ன எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“உள்ள யாரோ இருக்காங்க, அவங்களக் கூப்பிடுத மாதிரி இருக்கு.”

நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். “சரி, இருக்கட்டும். ஆட்டோக்காரன்ட்ட கொடுத்துட்டேன்” என்றார்.

ஆக, இன்று மாலையோடு வள்ளியூரில் உன் தீபாவளி முடிந்தது. நான்தான் முடித்துவைத்தேன். இனி அந்தத் தெருக்களில் என் குரல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு திரியும். வாங்க வந்தவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

‘நான்’ துளையை நான் வேறெதற்கும் கொடுக்கப் போவதில்லை. அவ்வப்போது ஒரு பின்னைச் சொருகி எடுத்துக் களிம்பேறாமல் பார்த்துக்கொள்வேன். பிளாஸ்திரிகள் எல்லாம் ஓரம் கிளம்பிவிட்டன. புதிதாக அச்சடித்து ஒட்டலாம், அந்த மெஷின் ஆபீசிலேயே இருக்கிறது. மற்றவற்றை மாற்றுவேன். அந்த இரண்டை மாற்ற மாட்டேன். ஆபீசில் நான் சார். வீட்டில் என்னங்க. அண்ணாச்சிக்குக்கூட நான் நீங்கள்தான். அம்மா போனாள், பிறகு நீ போனாய். இந்த ஊரில் என்னை ‘நீ’ என்று சொல்ல மிச்சமிருப்பது அந்தப் பிளாஸ்திரித் துண்டு ஒன்றுதான். ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.