இடுப்பளவுக் கோடு

பாப்பாவுக்கு,

இல்லை, நீ போனில் கேட்டது அழுகை இல்லை, ஜலதோஷம். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எனக்குப் போதும். புதிதாக வாங்கிய வீட்டைப் பற்றி மட்டும் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சுவரில் கோடு வந்துவிட்டது. முதல் மழைக்குப் பின், புதுப் பெயிண்டை மீறி, பழுப்பாக. கூடத்தில் ஆரம்பித்துப் படுக்கையறை, சமையலறை, எல்லா இடத்திலும் ஒரே உயரம். என் இடுப்பளவு. முன்பு வெள்ளத் தண்ணீர் நின்ற அளவு. விளம்பரத்தில் என்ன இருந்தது என்று உனக்கே தெரியும், நீதான் அதைப் போனில் வாசித்துக் காட்டினாய், மேடான இடம், வெள்ளம் வந்ததே இல்லை என்று. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் அப்பா போய்க் கேட்டார். "வந்ததே இல்லையா? என் மெஷின் ஒண்ணுதான் மிதக்கல சார், அது இரும்பு" என்று சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளம் வந்தபோது இந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஒரு பெண் இருந்தாள் என்றாராம். அவள் கட்டில் கிடந்தது எங்கள் கட்டில் கிடக்கும் அதே மூலையில். அதோடு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாராம். படுத்தால் நாங்கள் இருவரும் கோட்டுக்குக் கீழே. பகலில்கூட, விரிப்பை மாற்றக் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நிமிர்ந்த பிறகுதான் விடுகிறேன்.

வக்கீலம்மாவைப் பார்த்தோம். விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம், அல்லது வீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம், புரோக்கர் மேல் நுகர்வோர் மன்றத்தில் தனியாகப் புகாரும் கொடுக்கலாம் என்றார். தாமதிக்கக் கூடாதாம், விளம்பரத்தின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டுமாம். "பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்கம்மா, அந்தக் கோடுதான் உங்க சாட்சி" என்றார். அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டினார். விளம்பரத்தை நம்பியே வாங்கினோம், வெள்ளம் பற்றி வாங்குமுன் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அதில் இருந்தது, கீழே நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வழியில் போனாலும் இந்த ஒரு வரிதான் அடிப்படையாம். முன்னாடியே தெரிந்திருந்தால் கேஸ் நிற்பது கஷ்டமாம். அப்பா உடனே கையெழுத்துப் போட்டார். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கறவ இவ, இவளையே ஏமாத்திட்டானுங்க பாருங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று காகிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். கண்ணாடி பையில்தான் இருந்தது.

பாப்பா, எனக்குத் தெரியும். வீடு பார்க்கப் போன அன்றே மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்தேன். அதன் உள்பக்கம் பெயிண்ட் அடிக்க மறந்திருந்தார்கள். கோடு இருந்தது. அதற்குக் கீழே காய்ந்த சேறு. அது நாங்கள் பார்த்த பதினான்காவது வீடு. பக்கத்து அறையில் அப்பா புரோக்கரைக் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார், ஓய்வு பெற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அலமாரிக் கதவைச் சாத்தினேன். சத்தம் வராமல். ஏதோ பழைய கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொன்னால் வழக்கு போய்விடலாம், வீடு எங்கள் தலையிலேயே விடியும். சொல்லாவிட்டால் பொய்க்குக் கீழே என் பெயர். இரண்டு நாளாக அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னும் கண்ணாடி கிடைக்கலையா என்று.

நீங்களும் அங்கே வீடு தேடுகிறீர்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், புரோக்கர் வாயால் சொல்வதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உன் கண்ணில் ஏதாவது பட்டால் அந்த நிமிடமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டு, அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் சரி. நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருங்கள். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா

தபாலில் சேர்க்குமுன் இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன்.